பேரேட்டில் கரையான்: ஹார்ட் டிஸ்க் தரும் முன்னெச்சரிக்கை

கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் இல்லாத மொத்தக் கடையை இன்று காண்பது அரிது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு சில்லறை மளிகைக் கடைகள் பலவும் சிட்டையை ஓரம் வைத்துவிட்டு டாலி போன்ற கணக்கு சாஃப்ட்வேருக்கு மாறிவிட்டன. கொள்முதல், விற்பனை, சரக்கு இருப்பு, யார் எவ்வளவு பாக்கி என்ற விவரம் அனைத்தும் இப்போது பெட்டிக்குள் சுழலும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அடங்கியிருக்கிறது. நாம் தாக்கல் செய்த ரிட்டர்ன் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் கிடைக்கும். ஆனால் மூலைக்கடைக்காரர் போன வாரம் ரொக்கமாகக் கொடுத்தது எவ்வளவு, நிறுத்தி வைத்தது எவ்வளவு என்ற கணக்கு அங்கே கிடைக்காது. அது போனால் வசூலுக்குப் போகும் பையன் வெறுங்கையோடுதான் போக வேண்டும்.

ஆகவே, "டிஸ்க்கில் பேட் செக்டார் விழுந்திருக்கிறது" என்று மெக்கானிக் சொன்னால் அதன் பொருளை வணிக அன்பர்கள் சரியாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஹார்ட் டிஸ்க்கினுள் காந்தப்பூச்சு உள்ள வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை தகட்டைத் தொடாமல், தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதக்கிறது. தகடு சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பழைய டிஸ்க்குகளில் ஒரு கட்டத்துக்கு 512 பைட், புதியவற்றில் பெரும்பாலும் 4096 பைட். இந்தக் கட்டம்தான் செக்டார். ஒவ்வொரு செக்டாரிலும் எழுதிய விவரத்தோடு ஒரு சரிபார்ப்புக் குறியும் சேர்த்து எழுதப்படும். திரும்பப் படிக்கும்போது இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் டிஸ்க் மறுபடி மறுபடி படித்துப் பார்க்கும். பில் போடும்போது திரை சில விநாடி உறைந்து நின்று பிறகு நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம். வைரஸ் என்றும், மெஷின் பழசு என்றும் நாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

பேட் செக்டாரில் இரண்டு விதம் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய், பாதி எழுதியபடி நின்றுபோனது ஒரு விதம். தகட்டில் குறை இராது. மீண்டும் எழுதினால் சரியாகிவிடும். நல்ல பேட்டரி உள்ள யு.பி.எஸ். இருந்தால் இது பெரும்பாலும் வராது. மற்றது, தகட்டின் பூச்சே பழுதானது, அல்லது முனை தட்டிக் கீறியது. கீறலில் உதிரும் துகள் மற்ற இடங்களையும் கெடுக்கக்கூடும். கூடையில் ஒரு தக்காளி அழுகினால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை எதிர்பார்த்தே ஒவ்வொரு டிஸ்க்கிலும் உபரி செக்டார்கள் வைக்கப்பட்டுள்ளன. கெட்டுப்போன இடத்துக்குப் பதில் உபரியில் ஒன்றை டிஸ்க் தானாகவே எடுத்துக்கொண்டு, அந்த எண்ணிக்கையைத் தனக்குள் குறித்து வைக்கும். இந்தக் குறிப்பேட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் அதைப் பார்க்கலாம். மாற்றப்பட்டவை, படிக்க முடியாமல் காத்திருப்பவை, திருத்தவே முடியாதவை என்ற மூன்று வரிகளின் கடைசிக் கலம் பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து நகர்ந்து, வாரத்துக்கு வாரம் கூடினால் நோய் பரவுகிறது என்று கொள்ளலாம். கேபிள் தளர்ந்தாலும் வேறு பிழைகள் காட்டும் என்பதால், விலை குறைந்த கேபிளை ஒருமுறை மாற்றிப் பார்ப்பதில் நட்டமில்லை.

2007-இல் கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழை காட்டாத டிஸ்க்கைவிட, அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆராய்ச்சியில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன என்பதும் தெரியவந்தது. அறிகுறி வந்தால் அலட்சியம் கூடாது. வரவில்லை என்பதற்காக நிம்மதியும் கூடாது.

இனி, நம்மில் பலர் தடுமாறும் இடத்துக்கு வருவோம். பேட் செக்டார் என்றதும் மெக்கானிக் முதலில் செய்வது செக்டிஸ்க் ஓட்டுவது, அல்லது "ஃபார்மட் போட்டு பேட் செக்டாரை எடுத்துத் தருகிறேன்" என்பது. கரையான் அரித்த பேரேடு கையில் கிடைத்தால் நம் பெரியவர்கள் என்ன செய்திருப்பார்கள்? படிக்க முடிந்த பக்கங்களை முதலில் வேறு நோட்டில் பெயர்த்து எழுதியிருப்பார்கள். அதன் பிறகே அரித்த பக்கத்தை விரித்திருப்பார்கள். இங்கும் வரிசை அதுதான். செக்டிஸ்க்கின் முழுப் பரிசோதனை டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் வதைக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க் அந்த உழைப்பிலேயே போய்விடலாம். சிதைந்த கோப்புகளை அது துண்டித்து "சரி" செய்வதும் உண்டு. ஃபார்மட் போட்டால் பேட் செக்டார் எண்ணிக்கை குறைந்து காட்டலாம். டிஸ்க் குணமாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

முதல் வேலை, அந்த மெஷினில் பில் போடுவதை நிறுத்துவது. அன்றைய வியாபாரத்தைக் கைப் பில்லில் போடலாம். ஒரு நாள் சிரமம்தான். அடுத்து, கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டரை மட்டும் வெளியில் உள்ள வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும். சினிமாவும் கல்யாண போட்டோவும் பிறகு ஆகட்டும். நகல் நடுவில் நின்றுவிட்டால் மெக்கானிக்கிடம் டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் சாஃப்ட்வேரைப் பயன்படுத்தத் தெரியுமா என்று கேளுங்கள். எளிதாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியாகத் திரும்பி வரும்படி அமைக்கப்பட்ட கருவி அது. டிஸ்க்கிலிருந்து "டக் டக்" என்ற சத்தம் வந்தால் மட்டும் எதையும் முயல வேண்டாம். உடனே மின்சாரத்தை நிறுத்தி, தரவு மீட்கும் நிலையத்திடம் கொடுப்பதே வழி. மூடியைத் திறந்து பார்ப்பது, ஃபிரிட்ஜில் வைப்பது போன்ற கைவைத்தியங்கள் மிச்சத்தையும் கெடுக்கும்.

"எங்களிடம் டி டிரைவில் பேக்கப் இருக்கிறது" என்று பலர் சொல்கிறார்கள். சி, டி என்பவை பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகளே. கடை எரிந்தால் முன்னறையும் பின்னறையும் சேர்ந்துதான் எரியும். பென் டிரைவ் ஒன்றில் தினமும் பழைய நகலின் மீதே எழுதுவதும் ஆபத்து. கெட்டுப்போன கணக்கு நல்ல நகலை அழித்துவிடும். இரண்டு பென் டிரைவை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றை வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறு மெஷினில் ஏற்றி, இரண்டு பார்ட்டியின் பாக்கி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை எண்ணிப் பார்க்காத நோட்டுக்கட்டு என்றே நான் கருதுகிறேன்.

எஸ்.எஸ்.டி. வாங்கியவர்களுக்கும் விலக்கு இல்லை. அதில் சுழலும் தகடு இல்லாததால் சத்தமே வராது. நேற்று ஓடியது இன்று காலை கண் திறக்காமல் போகலாம்.

சட்டமும் இதில் நம்மை விடுவதில்லை. ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு. மின்னணு முறையில் கணக்கு வைப்பவர்கள், விபத்தில் அழிந்தாலும் மீட்கத்தக்க பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்பது 57ஆம் விதி.

புது டிஸ்க் போட்டு, கணக்கும் ஒத்துப்போன பிறகு பழையதைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். அதில் உங்கள் கொள்முதல் விலையும் வாடிக்கையாளர் பட்டியலும் அப்படியே இருக்கின்றன. வாரண்டியில் மாற்றித் தருபவர்கள் டிஸ்க்குக்கு டிஸ்க் தருவார்களே தவிர, உள்ளிருந்த கணக்கைத் தருவதில்லை. பழைய டிஸ்க்கையும் எடுத்துக்கொள்வார்கள். விலை மலிந்த பொருளானால் வாரண்டியை விட்டுவிட்டு, தேதி எழுதி ஒட்டி, அந்த ஆண்டின் ஆடிட் முடியும் வரை இரும்புப் பெட்டியில் வைத்திருந்து, பிறகு தகட்டில் நாலு துளை போட்டு எறிவது உத்தமம்.