செய்த கை யாருடையது?

கைவேலைப் பொருள்களைத் தேடிச் சேர்ப்பதில் தனி சுகம் இருக்கிறது. புனேயில் ஒரு மூக்குக் கண்ணாடி வியாபாரியும், வங்காளத்தில் ஒரு ஐ.சி.எஸ். அதிகாரியும் அந்தச் சுகத்தை ஊர்ச் சொத்தாக்கினார்கள். ஆனால் பொருளோடு சேர்த்து, அதைச் செய்தவரின் பெயரையும் பத்திரப்படுத்தியவர்கள் மிகக் குறைவு.

பாக்கு வெட்ட இரண்டு கைப்பிடியும் ஒரு கத்தியும் போதும். யாரோ ஒரு கன்னானுக்கு அது போதவில்லை. கைப்பிடியைப் பறவையாக வளைத்தான்; இன்னொருவன் மனித உருவமாக்கினான். வேலை அதேதான், பாக்கு அதே இரண்டு துண்டாகத்தான் விழும். இருந்தாலும் மெனக்கெட்டான்.

அந்த மெனக்கெடல்களையெல்லாம் ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டுமானால் புனேயில் பாஜிராவ் சாலையை ஒட்டியிருக்கும் ராஜா தின்கர் கேல்கர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். பாக்குவெட்டிகள், குங்குமச் சிமிழ்கள், மைக்கூடுகள், பூட்டுகள், விதவிதமான விளக்குகள், இசைக்கருவிகள், குளிக்கும்போது பாதம் தேய்க்கும் 'வஜ்ரி'கள். அரண்மனைச் சாமான்களைவிட அடுப்பங்கரைச் சாமான்கள்தான் இங்கே பார்ப்பவரை நிறுத்தி வைக்கின்றன. கால் தேய்க்கும் ஒரு கருவியின் தலையில் ஏன் ஒரு மிருகம் உட்கார வேண்டும்? யாரும் கேட்கவில்லை, ஆனாலும் உட்கார வைத்திருக்கிறார்கள்.

பெயர்ப் பலகையில் 'ராஜா' என்றிருப்பதைப் பார்த்து ஏதோ சமஸ்தானத்து சேகரிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த ராஜா மன்னர் அல்ல. ஏழு வயதில் இறந்துபோன ஒரு சிறுவன்.

அவனுடைய தகப்பனார் தின்கர் கங்காதர் கேல்கர் 1896-ல் பிறந்தவர். குடும்பத் தொழில் மூக்குக் கண்ணாடி வியாபாரம். மனம் கவிதையில். 'அஞ்ஞாதவாசி' என்ற புனைபெயரில் மராத்தியில் எழுதினார். 1920 வாக்கில் பழம்பொருள்கள் மீது நாட்டம் திரும்பியது. போர்க் கருவிகளையும் ஓலைகளையும் தேடுவோர் அப்போதும் இருந்தார்கள். பாட்டிமார் கையில் புழங்கிய சிமிழையும் விளக்கையும் பொருட்படுத்திச் சேர்த்தவர்கள்தான் அபூர்வம். கேல்கர் அதைச் செய்தார். மனைவி கமலாபாயும் துணை நின்றார். 1960 வாக்கில் சேகரிப்பு சுமார் 15,000 பொருள்களாக வளர்ந்திருந்தது. பாஜிராவின் மஸ்தானி வாழ்ந்த கோத்ருட் மாளிகையின் பகுதிகளைக்கூடப் பெயர்த்துக் கொண்டுவந்து அருங்காட்சியகத்துக்குள் மறுபடி எழுப்பினார்கள்.

1975-ல் அத்தனையையும் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார் கேல்கர். 1990-ல் காலமானார். இன்று 20,000க்கு மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. சுமார் 2,500தான் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. மகனின் பெயர் வாசலில் இருக்கிறது. பாக்குவெட்டிகளையும் விளக்குகளையும் செய்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை. கவிஞர் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் அவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

இரண்டு வகையிலும் கலெக்டர்

கேல்கர் புனேயில் விளக்குகளைச் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில், நாட்டின் மறுகோடியில் குருசதய் தத் வங்காளத்து கிராமங்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஐ.சி.எஸ். அதிகாரி. பதவியால் ஜில்லா கலெக்டர், பழக்கத்தாலும் 'கலெக்டர்'. 1925-ல் மனைவி சரோஜ் நளினி இறந்த பிறகு அவர் பெயரில் பெண்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1929 தொடங்கிப் பத்தாண்டு காலம், முகாம் போன இடங்களிலெல்லாம் கிராமத்துக் கலைப்பொருள்களைத் தேடினார். கதை சொல்லும் படச் சுருள்கள், மண் பொம்மைகள், மரச் சிற்பங்கள் ஆகியவற்றோடு, பெரிய மனிதர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத ஒன்றையும் சேர்த்தார்: சந்தேஷ் இனிப்பை அழுத்தி எடுக்கும் அச்சுகள். வீட்டுப் பெண்கள் தங்கள் சமையலறைக்காகத் தாங்களே செதுக்கிக்கொண்டவை. இனிப்பு வாய்க்குள் போனதும் மறைந்துவிடும் ஒரு பூவுக்காக அவ்வளவு நுணுக்கம்.

இன்னொன்று காந்தா. நைந்துபோன புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே உருவிய நூலை ஓட்டித் தைக்கும் போர்வை. நம் வீடுகளிலும் பழம்புடவைப் போர்வை உண்டு. வங்காளத்துப் பெண்கள் அதில் பூவையும் யானையையும் ரதத்தையும் தைத்தார்கள். மாதக் கணக்காக, சில சமயம் வருடக் கணக்காக.

தத் 1941-ல் மறைந்தார். கல்கத்தாவின் தென்கோடியில் ஜோகாவில் அவர் பெயரிலான அருங்காட்சியகம் 1963-ல் திறக்கப்பட்டது. அங்கிருக்கும் காந்தாக்களில் மிகவும் பேசப்படுவது ஒன்று. அதைத் தைத்தது குல்னா பகுதியைச் சேர்ந்த மானதசுந்தரி. பத்தொன்பதாம் நூற்றாண்டு. தன் தகப்பனாருக்காகத் தன் கையால் தைத்தது என்பதை நூலாலேயே அதில் எழுதி வைத்திருக்கிறாள்.

மானதசுந்தரியைப் பற்றி வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இது போதும். ஒரு பெண், ஒரு தகப்பனார், ஒரு பரிசு. பக்கத்தில் பெயரில்லாமல் தொங்கும் காந்தா ஒரு 'மாதிரி'. இதுவோ ஒரு கடிதம். பொருளை வேடிக்கை பார்ப்பவரையும் பொருளோடு பேசுபவரையும் பிரிப்பது அந்த ஒரு வரித் தையல்தான்.

கை தெரியும் இடம்

சேகரிப்பது என்றதும் ஏலமும் லட்சங்களும் நினைவுக்கு வர வேண்டியதில்லை. மாற்றலாகி மாற்றலாகி ஊர் சுற்றிய ரயில்வே, பாங்கு, ராணுவக் குடும்பங்களின் ஷோகேஸ்களைப் பார்த்தாலே போதும். கல்கத்தாவில் இருந்தபோது வாங்கிய கிருஷ்ணநகர் மண் பொம்மை, விஜயவாடா பக்கம் வாங்கிய கொண்டப்பள்ளி தசாவதாரம், பெங்களூர் போகும் வழியில் பிள்ளை அழுததற்காக வாங்கிய சென்னபட்டணத்துக் கிலுகிலுப்பை. நவராத்திரி வந்தால் எல்லாம் கொலுப்படி ஏறும். வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வைக்க வேண்டும் என்ற வழக்கம், பல வீடுகளை அவர்களுக்கே தெரியாமல் சேகரிப்பாளர்களாக்கியிருக்கிறது.

இந்தப் பொருள்களின் சுகம் எங்கே இருக்கிறது? செய்முறையைத் தெரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

சென்னபட்டணத்தில் பாலை மரக் கட்டையைக் கடைசலில் சுழலவிட்டு, வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தைப் பூசிக்கொள்கிறது. பிறகு தாழை ஓலையால் தேய்க்க, பளபளப்பு ஏறுகிறது. கொண்டப்பள்ளியில் 'பொணிகி' என்ற லேசான மரம். கை தனி, தலை தனியாகச் செதுக்கி, மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் கலந்த கலவையால் ஒட்டுகிறார்கள். பீதரில் துத்தநாகமும் செம்பும் கலந்த பாத்திரத்தில் வெள்ளிக் கம்பியைப் பதித்து, பழைய கோட்டைக்குள்ளிருந்து எடுத்த மண்ணைக் கலந்த கரைசலில் முக்குகிறார்கள். உலோகம் கறுக்கிறது, வெள்ளி மட்டும் வெள்ளியாகவே நிற்கிறது.

மத்திய இந்தியாவிலும் வங்காளம், ஒரிசா பகுதிகளிலும் செய்யும் டோக்ரா உருவங்கள் இன்னும் விசேஷம். களிமண் கருவின்மேல் மெழுகு நூலைச் சுற்றி உருவம் செய்து, மேலே மண் பூசிச் சுடுகிறார்கள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் புகுகிறது. பிறகு அச்சை உடைத்தால்தான் உருவம் வெளியே வரும். உடைத்த அச்சு உடைத்ததுதான். எனவே ஒரே மாதிரி இரண்டு இருக்க முடியாது. மொகஞ்சதாரோவில் கிடைத்த நடன மங்கை சிலையும் மெழுகு வார்ப்பு முறையில் செய்ததுதான்.

யந்திரம் வடிக்கும் பொம்மையில் பிழை இருந்தால் அது கழிவு. கைவேலையில் ஒரு கண் சற்றே பெரிதாக இருந்தால், அந்தக் கணத்தில் அந்தக் கை இருந்ததற்குச் சாட்சி. கடையில் இருபது பொம்மைகளை எடுத்து எடுத்துப் பார்த்து, இதுதான் என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பவருக்கு இது தெரியும். சொல்லத்தான் தெரியாது.

காகிதத்தில் வந்த பெயர்

பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மதுபனி நல்ல உதாரணம். பீகாரின் மிதிலைப் பகுதியில் கல்யாண வீட்டுச் சுவர்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வரைந்து வந்தார்கள். மணமக்களின் அறையான 'கோபர்' சுவரில் தாமரையும் மூங்கிலும் மீனும் கிளியும் நிறையும். அடுத்த பூச்சில் மறையும். வரைந்தவள் பெயரை யாரும் எழுதியதில்லை. 1966-67 பஞ்ச காலத்தில், பெண்களுக்கு வருமானம் கிடைக்கட்டும் என்று புபுல் ஜெயகர் முயற்சியில் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியர் காகிதத்தோடு மிதிலைக்குப் போனார். சுவர் காகிதமானது, காகிதம் ஊர் தாண்டியது. கூடவே பெயர்களும் வெளியே வந்தன. சீதா தேவி, கங்கா தேவி என்று நாடு அறிந்துகொண்டது.

கங்கா தேவிக்கு 1984-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. புற்றுநோய் அவரைப் பீடித்திருந்த கடைசிக் காலத்தில், டில்லி கைவினை அருங்காட்சியகத்தின் ஓர் அறைச் சுவர்களில் முழுமையான கோபர் ஒன்றை வரைந்து கொடுத்தார். 1991-ல் இறந்தார். 2015-ல் அருங்காட்சியகச் சீரமைப்பு வேலையின்போது அந்தச் சுவரோவியம் அழிக்கப்பட்டது. கலை உலகம் கொதித்தது. ஆனால் போனது போனதுதான்.

இதில் சேகரிப்பவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், மியூசியம் காப்பாற்றும் என்று எல்லாவற்றையும் விட்டுவிட முடியாது. பாங்குரா குதிரை கைவினைப் பொருளுக்கே அடையாளமாக, அகில இந்திய கைவினைப் பொருள் வாரியத்தின் சின்னமாக இருந்தது. அந்த வாரியமே 2020-ல் கலைக்கப்பட்டுவிட்டது. குதிரை இன்னும் பாஞ்சமுராவின் குயவர் வீடுகளில் சூளை ஏறுகிறது. வாங்க ஆள் இருப்பதால்.

வாங்குமுன்

ஆசை இருந்தால் மட்டும் போதாது. கொஞ்சம் கவனமும் வேண்டும். 1972-ம் வருடத்திய தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் 'தொல்பொருள்'. கையெழுத்துப் பிரதி போன்றவற்றுக்கு எழுபத்தைந்து ஆண்டு. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிலவகைப் பொருள்களைப் பதிவு செய்ய வேண்டும். கோயிலில் இருந்து வந்ததுபோலத் தோன்றும் சிலையை, விலை மலிவு என்பதற்காகத் தொடவே கூடாது. யானைத் தந்தத்தை வாங்குவதும் விற்பதும் குற்றம்.

புதுப் பொருளில் வேறு அபாயம். அச்சடித்த 'மதுபனி'யும், ரசாயனப் பெயின்ட் அடித்த 'சென்னபட்டணமும்' தாராளமாகக் கிடைக்கின்றன. ஓவியத்தைச் சாய்த்துப் பார்த்தால் கோட்டின் தடிமன் மாறுவது தெரிய வேண்டும். எல்லாக் கோடும் ஒரே அளவு, ஒரே கறுப்பு என்றால் யந்திரம். பொம்மையைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்க்கலாம். முகத்தில் மறைப்பதை அடிப்பாகம் சொல்லிவிடும்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, செய்தவரிடமே வாங்குவது. 1987 முதல் பிப்ரவரியில் நடக்கும் சூரஜ்குண்ட் மேளா, 1994-ல் தொடங்கிய டில்லி ஹாட் போன்ற இடங்களில் கைவினைஞரே கடை போடுகிறார். அங்கே ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசும் வாய், பெயரைக் கேட்பதில்லை. பெயரைக் கேட்டுப் பார்த்தால் தெரியும்: பேச்சின் தொனியே மாறிவிடும். ஊர் எது, யாரிடம் கற்றது, மகன் இந்த வேலைக்கு வருகிறானா என்று ஐந்து நிமிடம் ஓடும். மகன் வரவில்லை என்ற பதிலும் அடிக்கடி கிடைக்கும். கையில் இருப்பது கடைசித் தலைமுறையின் வேலையாகவும் இருக்கலாம்.

வாங்கி வந்த பிறகு செய்ய வேண்டியது சுலபம். ஒரு துண்டுக் காகிதத்தில் செய்தவர் பெயர், ஊர், வாங்கிய வருடம், கொடுத்த விலை. பொருளோடு வைத்துவிட வேண்டும். செலவு ஒன்றுமில்லை. கேல்கரின் பாக்குவெட்டிக்கும் தத்தின் இனிப்பு அச்சுக்கும் கிடைக்காத பாக்கியம், நாற்பது ரூபாய்க் கிலுகிலுப்பைக்குக் கிடைத்துவிடும். வீட்டுப் பெரியவர் மறைந்த பிறகு அலமாரியைக் காலி செய்யும் பிள்ளைகள், காகிதம் இருக்கும் பொம்மையை அவ்வளவு சீக்கிரம் பழைய சாமான்காரரிடம் போட மாட்டார்கள்.

கொலு முடிந்து பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைக்கும் நாளில், பக்கத்தில் ஒரு பென்சிலும் இருக்கட்டும்.