லாப்ரடாரும் குப்பத்து நாய்தான்

தமிழ்நாட்டு நாட்டு நாய்கள் என்று பேச்செடுத்தால் நான்கு பெயர்கள் சட்டென்று வந்துவிடும்: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையத்துக்குக் கிடைத்தது. கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகம் 2020இல் முதன்முறையாக நாயினங்களைப் பதிவு செய்தபோது, இடம்பெற்ற மூன்றில் ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் நம்முடையவை. மகிழ்ச்சிதான். ஆனால் இந்த நான்கின் சொந்த ஊர்களையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், எல்லாம் தெற்கே கரிசல் காட்டிலும் மேற்கு மலையடிவாரத்திலும் போய் விழுகின்றன. கடற்கரைப் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. சென்னைக்கு வடக்கே, நாட்டின் இரண்டாவது பெரிய உப்பங்கழியான பழவேற்காடு ஏரியை ஒட்டி கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று மீனவ ஊர்கள் இருக்கின்றன. அங்கே படகு நிழலில் படுத்திருக்கும் நாய்க்கு ஏன் இனப்பெயர் இல்லை? அது வெறும் தெரு நாய், எதெதுவோ கலந்தது என்பதுதான் வழக்கமான பதில். அந்தப் பதில் தவறு. நாட்டு நாய்ப் பட்டியலில் முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டியதே அதுதான்.

ஒரு நாயினம் உருவாக இரண்டு தேவைகள் இருந்தன. துரத்த ஒரு இரை. எந்த ஆணை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்று முடிவெடுக்க, வசதியுள்ள ஒரு ஆள். கரிசல் நிலத்தில் இரண்டும் இருந்தன. முயலின் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாகச் சிப்பிப்பாறை வந்தது. பன்றி வேட்டைக்குக் கோம்பை. பாளையக்காரர், ஜமீன்தார் வீடுகளில் அவற்றுக்குச் சோறு போட்டு, குட்டிகளைப் பொறுக்கியெடுத்து வளர்க்க ஆட்கள் இருந்தார்கள். அப்படிப் பொறுக்கியதற்கு நாய்கள் கொடுத்த விலையும் உண்டு. வெள்ளைத் தோலும் ரோஜா நிற மூக்கும்தான் அழகு என்று ராஜபாளையத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில், செவிட்டுக் குட்டிகள் பிறப்பது அந்த இனத்தின் தீராத தொல்லையாகிவிட்டது. தோலுக்கு நிறம் தரும் அதே வகை உயிரணுக்கள் உட்செவி வேலை செய்யவும் தேவைப்படுவதுதான் காரணம். பரம்பரைச் சீட்டு எழுதி இனத்தை மூடிவைக்கும் வழக்கமும் பழையதல்ல. அதைத் தொடங்கி வைத்த லண்டன் கென்னல் கிளப் 1873இல் பிறந்தது.

பழவேற்காட்டில் இந்த இரண்டுமே இல்லை. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டரைச் சுற்றியே இருக்கும். இருளர்கள் இறங்கி, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கும் தண்ணீர் அது. அங்கே நீந்திப்போய் வலை இழுத்துத் தர நாய் எதற்கு? எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைப் பாடு முறையில் சீட்டுப் போட்டு ஊரே முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் வேட்டை நாய் வளர்க்கும் ஜமீனும் கிடையாது. நாயின் வேலை முழுக்கக் கரையில்தான். உருவத்தைக் கவனித்தால் அது தெரியும்: நடுத்தர உயரம், ஒட்டிய மயிர், செவலை அல்லது வெள்ளையில் திட்டு, விடைத்த காது, முதுகின் மேல் சுருண்ட வால், ஆப்பு போல ஒடுங்கும் முகம். உச்சி வெயிலில் படகின் அடியில் ஈர மணலைப் பறித்து வயிற்றைப் பதித்துக் கிடக்கும். வலையிலிருந்து நண்டையும் மீனையும் பிரித்தெடுத்த பிறகு கரையில் சிதறும் விலைபோகாத குஞ்சுகளும் தலைகளும் அதன் பங்கு. காயப் போட்ட கருவாட்டுப் பக்கம் காக்கை இறங்கினால் ஓடும். இரவில் பழகாத காலடி கேட்டால் ஒன்று குரைக்கும், மற்றவை சேர்ந்துகொள்ளும். இந்தக் காவலுக்கும் துப்புரவுக்கும் சம்பளம் யாரும் பேசியதில்லை. ஊரே எஜமான் என்பதால் ஒருவர் பெயரிலும் அது எழுதப்படவில்லை.

பெயரைத் தருவது நாயின் திறமையா, புரவலரா என்பதற்கு உலகத்திலேயே நல்ல சாட்சி, நம் அடுக்குமாடி வீடுகளில் ‘ஜாதி நாய்’ என்று செல்லமாக வளரும் லாப்ரடார். அதன் மூதாதை கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு திரிந்த நாய். குளிர்ந்த கடலில் குதித்து, தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் கவ்வி வரும். வலைக் கயிற்றை இழுத்துக் கொடுக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த மீனவர்களின் பலவகை நாய்கள் கலந்து உருவான, அசல் கலப்பு நாய் அது. 19ஆம் நூற்றாண்டில் மீன் ஏற்றிய கப்பல்களில் இங்கிலாந்துக்கு வந்தவற்றை மாம்ஸ்பரி, பக்லூ பிரபுக் குடும்பங்கள் வாங்கி, சுட்ட பறவைகளை எடுத்துவரப் பழக்கி வளர்த்தன. 1903இல் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது. மீனவர் கரையில் மிஞ்சிய மூல நாயோ, ஆடு வளர்ப்பைக் காக்கப் போட்ட நாய் வரியாலும் பிரிட்டனின் தனிமைப்படுத்தல் விதியாலும் தேய்ந்து, 1980களில் அடியோடு மறைந்தது. ஒரே நாய்தான், பிரபு வீட்டுக்குப் போன கிளை இனமானது, குப்பத்தில் நின்ற கிளை பெயர் தெரியாமல் அழிந்தது.

பழவேற்காட்டிலும் கலப்புக்கு வாய்ப்பு இருந்ததே என்று கேட்கலாம். போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே வந்தார்கள். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டி, 1825 வரை உரிமை கொண்டாடினார்கள். கப்பல்களில் நாய்களும் வந்திருக்கும். நியாயமான கேள்வி. இதற்கு 2015இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு வழிகாட்டுகிறது. 38 நாடுகளின் 549 ஊர் நாய்களையும் 161 இனங்களைச் சேர்ந்த 4,676 ஜாதி நாய்களையும் அது ஒப்பிட்டது. தென் பசிபிக் தீவுகளின் ஊர் நாய்கள் ஏறக்குறைய முழுக்க ஐரோப்பிய வழி வந்தவை என்று தெரிந்தது. இந்தியா, வியட்நாம், எகிப்து ஊர் நாய்களிலோ ஐரோப்பியக் கலப்பு மிகக் குறைவு. நானூறு ஆண்டு காலனி ஆட்சி நாயின் ரத்தத்தில் பெரிதாக ஒட்டவில்லை. ஜாதி நாய்கள் பிரிந்து போவதற்கு முந்தைய பழைய வேர் நம் ஊர் நாய்களிடம்தான் மிஞ்சியிருக்கிறது.

தேர்வு நடக்காததால் இனமில்லை என்பதும் முழு உண்மையல்ல. கொல்கத்தா ஐசர் நிறுவன ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்தில் 95 ஈற்றுகளில் பிறந்த 364 தெருக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். இனப்பெருக்க வயதை எட்டியவை சுமார் 19 சதவீதம். இறப்புகளில் 63 சதவீதத்துக்கு மனிதரே காரணம். மனிதரின் முகக்குறிப்பு புரியாத குட்டி, கடிக்கும் குட்டி, வண்டிக்கு ஒதுங்கத் தெரியாத குட்டி பிழைப்பதில்லை. ஓநாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு இரண்டு பிரதிதான். நாய்களுக்கு 4 முதல் 30 வரை உண்டு என்று 2013இல் கண்டறிந்தார்கள். மீதிச் சோற்றைத் தின்று கூடவே வாழ்ந்ததன் தழும்பு அது. எந்த ஜமீனும் உட்கார்ந்து செய்யாத கடுமையான தேர்வு இது.

இந்த நாயைப் புகழ்வது கடிபட்டவர் வேதனையை அலட்சியம் செய்வது என்பார்கள். உலக வெறிநாய்க்கடி மரணங்களில் 36 சதவீதம் இந்தியாவில் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை மழுப்பவே கூடாது. ஆனால் நோய்க்கு மருந்து தடுப்பூசி. கோவாவில் 70 சதவீத நாய்களுக்கு ஊசி என்ற இலக்கோடு ஆண்டுதோறும் இயங்கியதில், நாய்களிடம் வெறிநோய் 92 சதவீதம் குறைந்தது. அதுவும் கடலோர மீனவ ஊர்கள் நிறைந்த மாநிலமே. கடலாமை முட்டைகளை நாய்கள் தின்கின்றன என்ற இன்னொரு குற்றச்சாட்டு சரி. பங்குனி ஆமைகள் கரையேறும் மாதங்களில் நாய்கள் கூட்டைத் தோண்டுகின்றன. முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதும், அந்த மாதங்களில் மணலோர நாய்களைக் கட்டுப்படுத்துவதும் அவசியம். 2025 ஜனவரியில் சென்னை, திருவள்ளூர் கரைகளில் ஒதுங்கிய நூற்றுக்கணக்கான ஆமைச் சடலங்களுக்கு நாய் காரணமல்ல, விசைப்படகு வலைகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஊசியும் கருத்தடையும் வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் தெரு நாய்களைக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, வெறியும் மூர்க்கமும் உள்ளவை தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. எனக்கு ஒரு கவலைதான். வலைக்கு முதலில் சிக்குவது ஆளைக் கண்டு வாலாட்டும் சாது நாய். சிக்காமல் குட்டி போடுவது மிரண்டு ஓடுவது. நகரத்தில் கைவிடப்பட்ட வெளிநாட்டு நாய்களும் வடக்கே பரவினால், நூற்றாண்டுகள் நடக்காத கலப்பு சில பத்தாண்டுகளில் நடந்துவிடும். அதற்கு முன் பதிவு வேண்டும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தூரத்தில் இல்லை, பழவேற்காட்டிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் மாதவரத்திலேயே இருக்கிறது. கருத்தடை செய்த நாய்க்கு அடையாளமாகக் காது நுனியில் ஒரு துண்டு வெட்டுகிறார்கள். முழு மரபணுவும் அந்தத் துண்டில் இருக்கிறது. அதை எறியாமல், குப்பத்தின் பெயரெழுதி மாதவரத்துக்கு அனுப்பும்படி கால்நடைத் துறை ஒரு சுற்றறிக்கை விட வேண்டும்.