முறுக்கு அச்சில் பிழியலாம் கோபுரம்!

பள்ளிக்கூடத்தில் கண்காட்சி என்றால் பல வீடுகளில் கலக்கம்தான். "ஏதாவது மாதிரி செய்துகொண்டு வா" என்கிறார் ஆசிரியர். வீட்டில் கருவி இல்லையே என்று, பெற்றோர் கடையில் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பணம் போகிறது. பிள்ளை கற்றுக்கொண்டது என்ன? ஒன்றும் இல்லை!

வேண்டிய கருவிகள் வீட்டிலேயே இருக்கின்றன.

தஞ்சாவூர் நெட்டி வேலையைப் பாருங்கள். தண்ணீரில் வளரும் ஒரு செடியின் வெள்ளைத் தக்கைதான் நெட்டி. அதைக் கத்தியால் சீவி, பசை வைத்து ஒட்டி, பெரிய கோவிலையே மேஜைமேல் நிறுத்திவிடுகிறார்கள். 2020-ம் ஆண்டில் இந்தத் தொழிலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாம் கைப்பழக்கம்!

அளவுதான் முக்கியம்

மருங்காபுரிப் பிள்ளைகள் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தையே செய்து பார்க்கலாம். 1987-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கோபுரத்தின் உயரம் 236 அடி. நிலைகள் 13. கலசங்களும் 13.

20 அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்கு வையுங்கள். கோபுரம் 12 அங்குலத்துக்குச் சற்றுக் குறையும். ஓர் அடி ஸ்கேலின் உயரம்தான்! பக்கத்தில் நிற்கும் மனிதன் கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம் இருப்பான். இரண்டு அங்குலப் பொம்மையை வைத்தால், அவன் 40 அடி ராட்சதன் ஆகிவிடுவான்!

அடுக்களை ஆயுதங்கள்

13 நிலைகளையும் அட்டையில் செய்யுங்கள். மேலே போகப் போக ஒவ்வொன்றும் சிறுக்க வேண்டும். ஒட்டிய இடம் காயும் வரை, துணி காயப்போடும் கிளிப்பு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து களிமண். மாவு சலிக்கும் பழைய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். கல் இருந்தால் அச்சு அடைத்துக்கொள்ளும். முறுக்கு மாவுப் பதத்தில் பிசையுங்கள். அந்தப் பதத்தை மணப்பாறைப் பக்கத்தாருக்குச் சொல்லித்தர வேண்டுமா! கழித்துப்போட்ட அச்சில் பிழிந்தால், நிலைக்கு நிலை ஓடும் விளிம்புகள் தயார். ஈரம் காயும் முன் பழைய சீப்பை அழுத்தினால், வரிசையாகத் தூண்கள்! நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

பிசிறைத் தேய்க்க நகவெட்டியின் அரம் போதும். வெளிநாடுகளில் சிலர், பாட்டரியில் ஓடும் பழைய பல் பிரஷ்ஷின் தலையில் உப்புத்தாளை ஒட்டித் தேய்க்கிறார்கள். நம் சாதாரண பிரஷ்ஷும் உதவும். சாயத்தில் தோய்த்து விரலால் தெறித்தால், கல்லின் புள்ளிகள் விழும். உச்சியில் 13 குண்டூசிகளைக் குத்துங்கள். அவைதான் கலசங்கள்!

தாய்மார்களுக்கு

மண் பிழிந்த அச்சையும் சல்லடையையும் மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள். அட்டை வெட்டும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். மற்றதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். கோபுரம் கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை. அது அவன் கையால், அவள் கையால் எழுந்த கோபுரம்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். நம் பிள்ளைகளுக்கு முறுக்கு அச்சு போதாதா?