புள்ளி ஒன்று, பொருள் பல

கண்டி வாவிக்கரையில் மாலைவேளையில் உலாவச் சென்ற நாம், அண்மையில் பழைய நண்பர் ஒருவரைச் சந்தித்தோம். அவர் முகம் வாடியிருந்தது. ஜெர்மனியில் வாழும் மகள், பேத்தியின் தேர்ச்சி அறிக்கையை அனுப்பியிருந்தாளாம். "கணிதத்தில் ஒன்றே ஒன்றுதான் வாங்கியிருக்கிறாள், மாஸ்டர்" என்று பெருமூச்செறிந்தார். ஜெர்மனியில் 1 என்பதே தலைசிறந்த தேர்ச்சி, 6 என்பதே கடைநிலை என்று நாம் விளக்கியதும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு கணத்தில் துயரம் மகிழ்ச்சியாயிற்று. பேத்தியோ அதே பேத்திதான்!

விந்தை அத்துடன் முடியவில்லை. அடுத்துள்ள சுவிற்சர்லாந்திலே இம்முறை தலைகீழானது. அங்கே 6 உயர்ந்தது, 1 தாழ்ந்தது. 4 பெற்றால் சித்தி. நம்மவர் பெருந்தொகையாக வாழும் இவ்விரு நாடுகளிலும் ஒரே இலக்கம் ஒரு வீட்டில் பாயசத்தையும் மறுவீட்டில் கண்ணீரையும் வருவிக்கக்கூடும்.

பிரான்சில் புள்ளி 20க்கு இடப்படுகிறது. உயர்பள்ளி இறுதிப் பரீட்சையில் 10 பெற்றவர் சித்தியடைவர். 14 எனின் 'நன்று', 16 எனின் 'மிக நன்று'. நூற்றுக்கு எழுபது எடுத்த பிள்ளையை ஏசும் நம் பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக. நமக்கு எழுத்துத் தரங்களைப் பழக்கிய இங்கிலாந்தே, தனது 16 வயதுப் பரீட்சையில் 2017 முதல் அவற்றைப் படிப்படியாகக் கைவிட்டு, 9 முதல் 1 வரையான இலக்கங்களை ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டுச் சாதாரண தரப் பரீட்சையிலோ 75க்கு ஏ, 65க்கு பி, 50க்கு சி, 35க்கு எஸ், அதன்கீழ் டபிள்யூ. 34 பெற்ற மாணவனுக்கும் 35 பெற்றவனுக்கும் அறிவில் உள்ள வேற்றுமைதான் யாது? எல்லைக்கோடு மனிதர் கீறியதேயன்றி இயற்கை வகுத்ததன்று.

வெறும் புள்ளியை நம் பல்கலைக்கழக அனுமதி முறையும் முற்றாக நம்புவதில்லை. 2001 முதல் 'இசட் புள்ளி' வழக்கிலுள்ளது. ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து மாணவன் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறான் என்பதை, அப்பாடத்தில் புள்ளிகள் பரந்துள்ள அளவோடு ஒப்பிட்டு அது காட்டும். கடினமான பாடத்தில் பெற்ற 60, எளிய பாடத்தில் பெற்ற 75ஐ விஞ்சவும் கூடும். அதன்பின்னும் கண்டி மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி, அண்டையிலுள்ள நுவரெலியாவுக்கு வேறொன்று. வசதி குன்றிய பாடசாலையிற் கற்றவனை அதே கோலால் அளத்தல் நீதியன்று என்பதே இதன் கருத்து.

இத்தனையும் எழுதும் நாமே ஒரு பிழை செய்தோம். ஆசிரியத் தொழிலின் தொடக்கத்தில், டபிள்யூ பெற்ற மாணவன் ஒருவனிடம், "உனக்குக் கணிதம் வராது" என்று கூறிவிட்டோம். அன்றுமுதல் அவன் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்டானல்லன். அவன் பெற்ற புள்ளி ஒரு நாளைய அளவு. நாமோ அதனை ஆயுட்காலத் தீர்ப்பாக்கினோம். இன்று நினைப்பினும் நெஞ்சு கூசுகிறது.

ஆதலின், அடுத்த தவணை அறிக்கை வீட்டுக்கு வரும்போது, "எத்தனை புள்ளி?" என்று கேட்குமுன், "எந்தக் கணக்கில் தடுமாறினாய்?" என்று கேளுங்கள். முதற் கேள்விக்குப் பிள்ளை தலைகுனியலாம். இரண்டாவது கேள்விக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் அருகில் வந்து அமரும்.