விலை சொல்லும் முன் மேலே பாருங்கள்

ஈப்போவில் கச்சாங் பூத்தே வாங்க வேண்டும் என்றால் எல்லாரும் கை காட்டும் இடம் புந்தோங். முறுக்கும் வறுத்த கடலையும் பாக்கெட் போட்டு வெளியூர்களுக்கு அனுப்பும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. ஆனால் அந்தக் குடும்பங்கள் தொடக்கத்தில் புந்தோங்கில் இல்லை என்பது என் வயதுடைய பலருக்குத் தெரியாது. அவர்களுடைய பழைய குடியிருப்பு, கல்லுமலை என்று நாம் அழைக்கும் குனோங் சீரோவின் அடிவாரத்தில் இருந்தது.

1973 அக்டோபர் 18. தீபாவளிக்குச் சில நாள்களே இருந்தன. குனோங் சீரோவின் செங்குத்தான பாறைச் சுவரிலிருந்து மிகப் பெரிய சுண்ணாம்புக்கல் பாளம் ஒன்று பெயர்ந்து, கீழே இருந்த வரிசை வீட்டின் மேல் விழுந்தது. ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். மாடுகளும் புதைந்தன. அதன் பிறகே கச்சாங் பூத்தே குடும்பங்கள் மலையடிவாரத்தை விட்டுப் புந்தோங்கிற்கு மாற்றிக் குடியமர்த்தப்பட்டன. நம் நாட்டின் சுண்ணாம்புக்கல் மலைகளைப் பற்றி எழுதும் புவியியல் அறிஞர்கள் இந்த விபத்தை இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

கல்விப் பக்கத்தில் இதை எழுதக் காரணம் உண்டு. அந்த வீட்டின் சுவர் உறுதியானதா, கூரை ஒழுகியதா என்பதெல்லாம் அன்று ஒரு பொருட்டாக இல்லை. வீடு எந்த இடத்தில் நின்றது என்பதுதான் உயிர்களைப் பறித்தது. ஒரு கட்டடத்தையும் அது நிற்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்கப் பழகியவர்கள் சொத்து மதிப்பீட்டாளர்களும் கட்டட ஆய்வாளர்களும். எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்த நம் மாணவர்கள் மருத்துவம், சட்டம், பொறியியல் என்று தேடும்போது இந்தத் துறை பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. படிக்கப் போகிறவர்களும் இந்த வேலையில் உள்ள ஆபத்துகளைத் தெரிந்துகொண்டு போவதில்லை.

இருவர், இரண்டு வேலை

வீடு வாங்க வங்கியில் கடன் கேட்டால், வங்கி முதலில் அனுப்புவது மதிப்பீட்டாளரை. இந்த வீடு சந்தையில் எவ்வளவு பெறும் என்று சொல்வது அவர் வேலை. 1981ஆம் ஆண்டின் சட்டப்படி அதற்கான வாரியத்தில் பதிவு பெற்றவரே மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்திடலாம். கட்டட ஆய்வாளர் வேறு. விரிசல் எதனால் வந்தது, உத்தரம் தாங்குமா, ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று கண்டறிவது அவர் வேலை. பேராக்கிலேயே, ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள யு.ஐ.டி.எம். கிளையில் கட்டட ஆய்வுக்குப் பட்டப்படிப்பு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் யு.டி.எம்.மிலும் சொத்துடைமைத் துறையில் படிக்கலாம்.

மதிப்பீட்டு அறிக்கைகளில், 'இது கட்டமைப்புச் சோதனை அன்று' என்ற பொருளில் ஒரு வரி வழக்கமாக இருக்கும். வீடு வாங்குபவர்களில் பலர் அதைக் கவனிப்பதில்லை. வங்கியின் ஆள் வந்து பார்த்துவிட்டார், அதனால் வீடு நல்ல வீடுதான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்த பிறகு நம் கட்டடச் சட்டம் கடுமையானது. ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் பத்து ஆண்டுகளைக் கடந்ததும் அவற்றைச் சோதிக்கச் சொல்லி உரிமையாளருக்கு நகராண்மை ஆணையிடலாம். புந்தோங்கின் வீடுகளில் பெரும்பாலானவை ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகள். அவை இந்த விதிக்குள் வருவதில்லை. அப்படியானால் நம் பழைய வீட்டுக்குள் நுழையும் பயிற்சி பெற்ற ஒரே கண், கடனுக்காக வரும் அந்த மதிப்பீட்டாளருடைய கண்ணாகவே இருக்கக்கூடும். அவர் எதைப் பார்க்கிறார், பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்புகிறாரா என்ற இரண்டும் நமக்கு முக்கியம்.

நம் காலடி மண்

கிந்தா பள்ளத்தாக்கின் அடியில் சுண்ணாம்புக்கல் படுகை இருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அந்த நீர் பாறையின் பிளவுகளில் இறங்கி, ஆண்டுக்கணக்கில் கல்லைக் கரைத்து அவற்றை அகலமாக்குகிறது. மலையில் இது நடந்தால் ஒரு பாளம் தாய்ப்பாறையை விட்டு விலகிக்கொண்டே வரும். தரைக்கு அடியில் நடந்தால் வெற்றிடம் உருவாகும். மேலே உள்ள மண் ஒரு நாள் அதற்குள் இறங்கிவிடும்.

இதோடு ஈயமும் சேர்ந்துகொள்கிறது. ஈயச் சுரங்கங்கள் தோண்டிவிட்டுப் போன நிலத்தில் மணலும் சேறும் கலந்து கிடக்கின்றன. சேறு நிறைந்த இடத்தில் கட்டினால் வீட்டின் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அமிழும். கதவு சட்டத்தில் சிக்குவது, சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல விரிசல் ஏறுவது, தரையில் வைத்த கோலிக்குண்டு ஒரே பக்கம் ஓடுவது எல்லாம் அதன் அடையாளங்களாக இருக்கலாம். பழைய வரைபடத்தில் அந்த இடம் குட்டையாக இருந்ததா, வயலாக இருந்ததா என்று தேடுவது ஆய்வாளருக்கு முதல் பாடம். ஈப்போவில் கனிமவள, புவியியல் துறையின் அலுவலகமும் புவியியல் அருங்காட்சியகமும் இருப்பது நம் மாணவர்களுக்கு ஒரு வசதி.

வீட்டுக்குள் காத்திருப்பவை

பழைய வீடுகளிலும் தோட்டத்து லயங்களிலும் வேலை செய்யும் ஆய்வாளருக்கு முதல் எதிரி கூரை. அலைத் தகடுகள் மேலிருந்து பார்க்க உறுதியாகத் தோன்றும். வெயிலிலும் மழையிலும் பல ஆண்டு கிடந்த அஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகடு ஓர் ஆளின் எடையைத் தாங்காது. வெளிச்சத்துக்காக நடுவில் வைத்த பிளாஸ்டிக் தகடும் அப்படித்தான். அடியில் சட்டம் இருக்கும் இடமாகப் பார்த்து, ஆணி வரிசைமேல் நடந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கால் ஒரு முறை தவறினால் போதும், நேராகக் கீழேதான் விழ வேண்டும். கூரைமேல் ஏறாமல் ஏணியில் நின்றோ தொலைநோக்கியாலோ நீண்ட கம்பில் கட்டிய கேமராவாலோ பார்ப்பதே சரி. ஏணிக்கும் கணக்கு உண்டு: நான்கு மீட்டர் உயரத்துக்கு அடிப்பாகம் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

அதே தகடு உடைந்தாலோ துளையிட்டாலோ கண்ணுக்குத் தெரியாத நார்த்துகள்கள் காற்றில் பறக்கும். எல்லா வகை அஸ்பெஸ்டாசும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சுவாசித்த நாளில் ஒன்றும் தெரியாது. நோய் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து வரும். இருபது வயதில் பயிற்சிக்குப் போகும் ஒருவர் இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தகடு என்ன வகை என்று தெரியாதபோது அதை அஸ்பெஸ்டாஸ் என்றே எடுத்துக்கொண்டு, உடைக்காமல், சுரண்டாமல் வர வேண்டும்.

கரையான் அரித்த மாடித் தரை, உரித்துக் கிடக்கும் மின்கம்பி, பின்கட்டில் மூடி இல்லாத கிணறு, குளவிக்கூடு, பாம்பு, எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீர் என்று பட்டியல் நீளும். கழிவுத் தொட்டியின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்க்கவே கூடாது. உள்ளே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆனால் அளவு கூடும்போது அது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரமே மிக ஆபத்தான நேரம்.

தனியாகப் போகும் வேலை

லெலோங்கிற்கு வரும் வீடுகள் பல மாதம் பூட்டிக் கிடந்தவையாக இருக்கும். உள்ளே யார் தங்கியிருக்கிறார்கள் என்று தெரியாது. சில வீடுகளில் வீட்டை இழந்த கோபத்தோடு உரிமையாளரே இருப்பார். இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஒருவர்தான் போகிறார். அவரும் பெரும்பாலும் அலுவலகத்தில் வயதில் சிறியவர்.

லண்டனில் வீட்டு விற்பனை முகவராக இருந்த 25 வயது சூசி லாம்ப்ளா, 1986 ஜூலை 28இல் ஒரு வாடிக்கையாளருக்கு வீடு காட்டப் புறப்பட்டார். பிறகு அவர் திரும்பவே இல்லை. அவருடைய பெற்றோர் தொடங்கிய அறக்கட்டளை, தனியாக வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக இன்றும் பாடுபடுகிறது. அந்தச் சம்பவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மிக எளியவை. எந்த வீடு, யாரைச் சந்திக்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று அலுவலகத்தில் எழுதி வைக்க வேண்டும். சொன்ன நேரத்தில் அழைப்பு வராவிட்டால் என்ன செய்வது என்று அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் போகும்போது மற்றவரை முன்னே போகவிட்டு, வாசலுக்கு அருகில் நாம் நிற்க வேண்டும்.

"முடியாது" என்று சொல்லும் உரிமை

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. சில விலக்குகள் தவிர எல்லா வேலையிடங்களும் இப்போது அதற்குள் வருகின்றன. முதலாளி ஆபத்துகளை மதிப்பிட வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், தனிப் பாதுகாப்பு அதிகாரி தேவைப்படாத போதும், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். முதலாளி தன் முக்கியக் கடமையை மீறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்துள்ளது.

மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது: உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலக ஊழியருக்கு உரிமை உண்டு. அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. தொழிற்பயிற்சி மாணவர் சம்பளப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் தன் ஊழியர் அல்லாதவர்களின் பாதுகாப்பையும் முதலாளி கவனிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது.

சட்டம் இருந்தாலும் வாய் திறப்பது எளிதன்று. பெரியவர் சொன்னால் செய்ய வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். "ஏணியில் ஏறிப் பாருப்பா" என்று மேலாளர் சொன்னால் மறுக்க நாக்கு எழாது. அதனால் பயிற்சியின் முதல் நாளிலேயே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. நான் தனியாகப் போக வேண்டுமா? தலைக்கவசம், காலணி, முகக்கவசம் யார் தருவார்கள்? விபத்து நேர்ந்தால் எனக்கு சொக்சோவோ வேறு காப்புறுதியோ இருக்கிறதா? மரியாதையாகக் கேட்டால் நல்ல நிறுவனம் கோபித்துக்கொள்ளாது.

வீடு வாங்கும் குடும்பங்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. விலையைச் சொன்னவரிடம், "வீட்டையும் சுற்றுப்புறத்தையும் பார்த்ததில் உங்களுக்கு உறுத்தியது ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள். பழைய வீடாக இருந்தால் தனியாக ஒரு கட்டட ஆய்வாளரை அழையுங்கள். முப்பது ஆண்டு கட்டப்போகும் கடனோடு ஒப்பிட்டால் அவருடைய கட்டணம் சிறியது.

தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்குப் போகும்போது தலையை உயர்த்தி அந்தப் பாறைச் சுவரை ஒரு முறை பாருங்கள். நம் பிள்ளைகளில் சிலராவது இந்தத் துறைக்குப் போனால், அப்படிப் பார்த்துவிட்டு, "இங்கே வீடு கட்டாதீர்கள்" என்று அறிக்கையில் எழுதக்கூடியவர்கள் நமக்குள்ளேயே இருப்பார்கள்.