ஏரிக்கரையில் ஒரு ரசமட்டம்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து தெக்கபோ ஏரி ஏறத்தாழ 225 கிலோமீட்டர். காரில் மூன்று மணி நேரம், கேம்பர் வேனில் மூன்றரை. நாங்கள் இருவர், தங்குவது இரண்டு இரவு, காலம் மார்ச் இறுதி. வாடகைக்கு எடுத்தது ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள உயர்கூரை டொயோட்டா ஹயேஸ். அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, படுக்கை எல்லாம் அதற்குள் அடங்கியிருந்தன. வேலைகளை உரிய வரிசையில் செய்தால்தான் இவ்வளவும் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கும்.

வேனைப் பெற்றதும் முதலில் பார்த்தது கண்ணாடியில் இருந்த பச்சை அட்டை. தண்ணீரையும் கழிவையும் மூன்று நாள் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் வண்டி என்பதற்கு அதுவே சான்று. 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி கழிப்பறை வண்டியோடு பொருத்தப்பட்டதாக இருக்க வேண்டும். எடுத்துவைக்கும் வகை செல்லாது. தண்ணீர்க் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், மூன்று நாளுக்கு 12. எங்கள் தொட்டி 50 லிட்டர் கொள்ளும். குடிநீர்க் குழாயில் நிரப்பி, பம்ப்பை ஓடவிட்டு, சிங்க் குழாயில் காற்றுக் கொப்புளம் நின்று நீர் சீராக வரும்வரை காத்திருந்தோம்.

அடுத்தது எரிவாயு. சிலிண்டர் வேனின் பின்புறத்தில் தனிப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியின் அடித்தளத்தில் ஒரு துளை உண்டு. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் உள்ளே தேங்காமல் அந்தத் துளை வழியே கீழே வெளியேறிவிடும். வால்வைத் திறந்து இணைப்பில் சோப்பு நீர் தடவினோம். குமிழ் வரவில்லை. மீண்டும் மூடினோம். ஓட்டும்போது வால்வு மூடியே இருக்க வேண்டும்.

பொருள்களை அடுக்குவதில் விதி ஒன்றே: கனமானது கீழே, இரு அச்சுகளுக்கும் நடுவே. அரிசி, பருப்பு, தண்ணீர்ப் புட்டிகள் இருக்கைக்கு அடியில் போயின. தட்டுகளுக்கு இடையே துண்டு செருகினோம். நகரத்தின் முதல் ரவுண்டானாவைச் சுற்றியதும் வேனை ஓரங்கட்டி, கிணுகிணுத்தது எது என்று தேடினோம். அடுப்பின் மேல்தட்டு. ஒரு கைத்துண்டில் அது அடங்கியது. இதைச் செய்யாதவர்கள் மூன்றரை மணி நேரம் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே போவார்கள்.

முதலாம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே சென்றால் ராக்கய்யா ஆற்றின் மேல் 1.75 கிலோமீட்டர் பாலம். நாட்டின் மிக நீளமான சாலைப் பாலம் இது. உயர்கூரை வண்டியைப் பக்கக்காற்று தள்ளும் இடமும் இதுவே. இங்கே வேகத்தைக் குறைத்து ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்தோம். பின்னர் ஜெரால்டின், ஃபேர்லி, பர்க்ஸ் கணவாய். கணவாய் 709 மீட்டர் உயரம். அப்பால் உள்ள ஏரி 710. ஏறிய உயரம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. பனியாறு அரைத்த பாறைமாவு கரையாமல் தொங்குவதால் நீர் பால் கலந்த நீலம்.

கரையருகே, மின் இணைப்பில்லாத முகாமில் வண்டியை நிறுத்துவதுதான் பயணத்தின் நுட்பமான வேலை. முதலில் காற்றின் திசை. இங்கே வலுவாக வீசுவது வடமேற்குக் காற்று. மூக்கை அதன் பக்கம் திருப்பினால் வேன் குறைவாக ஆடும், பக்கக்கதவையும் நிம்மதியாகத் திறக்கலாம். ஏரி சன்னலுக்கு நேரே வராது என்று என் துணைவி வருந்தினார். இரவு பத்து மணிக்கு அந்த வருத்தம் தீர்ந்தது.

அடுத்தது மட்டம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமே போதும், ஓரடி நீளம். அடுப்புப் பலகையில் நீளவாட்டில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை வைத்தோம். இடது முன்சக்கரம் தாழ்ந்திருந்தது. அதன் முன் 4, 7, 10 சென்டிமீட்டர் என மூன்று படி கொண்ட பிளாஸ்டிக் ஆப்பை வைத்து, முதல் கியரில் இரண்டாம் படி வரை ஏற்றினோம். ஒருவர் ஓட்ட, மற்றவர் உள்ளே நின்று குமிழியைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். குமிழி நடுவுக்கு வந்ததும் கைப்பிரேக். மட்டம் தப்பினால் சிங்க் வடியாது, வாணலியில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும், உறங்குபவரின் தலைக்கு ரத்தம் இறங்கும். 12 நிமிட உழைப்பில் இம்மூன்றும் சரியாயின.

இதன் பிறகே எரிவாயு வால்வைத் திறந்தோம். இவ்வுயரத்தில் நீர் சுமார் 97.5 டிகிரியில் கொதிக்கிறது. கிறைஸ்ட்சர்ச்சில் 15 நிமிடத்தில் வெந்த அரிசி இங்கே 18 நிமிடம் கேட்டது. சமைக்கும்போது கூரைத் துவாரம் இரண்டு விரற்கடை திறந்திருந்தது.

படுக்கை தச்சரின் கைத்திறனைக் காட்டும் இடம். மேசையின் காலைக் கழற்றிப் பலகையை இறக்கினால், இரு பெஞ்சுகளுக்கும் நடுவே உள்ள விளிம்பில் விரல் இடைவெளி இல்லாமல் உட்காருகிறது. முதுகுத் திண்டு இரண்டும் நடுப்பள்ளத்தை நிரப்புகின்றன. ஒரு திண்டைத் திருப்பிப் போட்டாலும் மற்றது பொருந்தாது. தவறவே வழியில்லாத அமைப்பு.

மின்கலம் 100 ஆம்பியர்-மணி. ஈய-அமில வகையில் பாதிக்கு மேல் எடுப்பது நல்லதல்ல. குளிர்பெட்டி ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கிறது. மூன்றில் ஒரு பங்கு நேரமே ஓடுவதால் நாளொன்றுக்கு 32. விளக்குக்கு 3. மீதம் 15. இந்த மீதம் இருந்தும் இரவில் விளக்கை அணைத்துத் திரையை இழுத்தோம். இப்பகுதி 2012 முதல் இருள்வானக் காப்பகம், வெளிச்சம் சிந்தக்கூடாது.

மறுநாள் புக்காக்கி ஏரி வரை சுமார் 47 கிலோமீட்டர் ஓட்டினோம். அங்கிருந்து நேரெதிரே 3,724 மீட்டர் உயர அவொராகி சிகரம். போய்வந்ததில் மின்கலமும் நிரம்பியது. காட்சிக்குச் சென்ற பயணம் மின்னேற்றத்துக்கும் கணக்காயிற்று. இரண்டாம் இரவு மின் இணைப்புள்ள முகாமில், நீலநிற மூன்றுமுனை பிளக்கைச் செருகியதோடு மின்சார வேலை முடிந்தது.

திரும்பும் நாள் கிளம்பும் முன் எரிவாயு வால்வை மூடி, ஆப்பிலிருந்து இறங்கினோம். பிறகு கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷன். கையுறை அணிந்து கழிப்பறைப் பெட்டியை உருவிக் கொட்டி, அதற்கென உள்ள, குடிக்கத் தகாத நீர் வரும் குழாயில் இரு முறை அலசினோம். பின்பு சிங்க்கின் கழிவான சாம்பல்நீர் வடியும் குழாய். 31 லிட்டர் வடிந்தது.

வேனை ஒப்படைக்கையில் பட்டியலில் ஒரு தேக்கரண்டி குறைந்தது. நடுத் திண்டின் அடியில் கிடைத்தது.