காந்தம் காட்டும் பாத்திரம்



காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் நீரால் லக்சபானவில் மின்சாரம் பிறக்கின்றது. ஆயினும், அந்நீருக்கு அருகில் வாழும் தோட்டத்துத் தாய்மார் பலர் இன்றும் விறகுப் புகையில் கண் கலங்கியே சமைக்கின்றனர். 2022ஆம் ஆண்டில் எரிவாயுவுக்காக மக்கள் வரிசையில் காத்து நின்றபின், 'இண்டக்சன்' எனப்படும் மின்காந்தத் தூண்டல் அடுப்பின்மீது பலருக்கும் நாட்டம் உண்டாயிற்று.

எமது பாடசாலை மாணவி ஒருத்தியின் தாயார் சீட்டுப் பணத்தில் அத்தகைய அடுப்பொன்றை வாங்கினார். அலுமினியச் சட்டியை வைத்தார். அடுப்பு ஒலியெழுப்பிவிட்டு அணைந்தது. பழுதான பொருளை வாங்கி ஏமாந்தோமே என்று மனம் நொந்தார். ஆனால் பழுது அடுப்பில் இல்லை. சட்டியே அதற்குப் பொருந்தவில்லை.

காரணம் யாது? இவ்வடுப்பில் தீயுமில்லை, செந்தணலாகும் கம்பியுமில்லை. கண்ணாடித் தட்டின் கீழே செம்புக் கம்பிச் சுருள் ஒன்று உண்டு. அதில் மிக விரைவாகத் திசைமாறும் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் எழுகின்றது. அப்புலம் பாத்திரத்தின் அடிப்பாகத்திலேயே மின்னோட்டத்தைத் தூண்ட, பாத்திரம் தானே சூடாகின்றது. 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த தத்துவமே இது. இரும்பைப் போலக் காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகமே இதற்கு ஏற்றது. அலுமினியம், செம்பு, மண், கண்ணாடி ஆகியவற்றாலான சாதாரணப் பாத்திரங்கள் பயன்படா.

ஆகவே, கடைக்குச் செல்லுங்கால் சிறு காந்தத் துண்டொன்றைக் கொண்டு செல்லுங்கள். அதனைப் பாத்திரத்தின் பக்கத்திலன்றி அடியிலே வைத்துப் பாருங்கள். இறுகப் பற்றினால் வாங்கலாம். எவர்சில்வர் யாவும் ஒன்றல்ல. சிலவற்றைக் காந்தம் பற்றும், சிலவற்றைப் பற்றாது. அடிப்பாகம் தட்டையாகவும், சுருளின் அளவுக்கு ஏற்ற அகலமுடையதாகவும் இருத்தல் வேண்டும். வீட்டிலுள்ள ரொட்டிக்கல் இரும்பாலானதாய், அடி தட்டையாய் இருப்பின் புதிது வேண்டியதில்லை. அதனைக் கண்ணாடியின்மேல் இழுக்காது தூக்கி வைத்தல் நலம்.

மலைநாட்டாருக்குரிய செய்தி மற்றொன்றுண்டு. கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், 1,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. அதனாற்றான் பருப்பும் கடலையும் இங்கே வேகத் தாமதிக்கின்றன. எனவே, முதலில் ஒரு பாத்திரத்துக்கே பணமிருப்பின், காந்தம் பற்றும் அடியுடைய அழுத்தச் சமையற்கலத்தை, அதாவது குக்கரை, வாங்குதலே சிக்கனம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். விளக்குக்கும் வானொலிக்குமென அமைந்த 5 அம்பியர் இணைப்பு அதனைத் தாங்காது. கம்பி சூடேறித் தீப்பற்றவும் கூடும். ஒரு காம்பராவில் மூண்ட தீ லயன் முழுவதையும் பற்றிவிடும் என்பதை நாம் அறிவோம். ஆதலால், தகுதியுள்ள மின் தொழிலாளர் ஒருவரைக் கொண்டு இணைப்பைச் சோதித்த பின்னரே அடுப்பை வாங்குங்கள். முதலில் மின்கம்பி, அடுத்து காந்தம், பின்னரே பணப்பை: இவ்வொழுங்கில் நடந்தால் சீட்டுப் பணமும் வீணாகாது, வீட்டிற் புகையும் குறையும்.